பந்தெறிவோனைத் தெரிதல்

உதைபந்தாட்டம் என்றதும் நேயர்களின் மனக்கண்முன் வருவது, பதினொருவர் காலாற் பந்தை உதைத்து வலைக்குட் செலுத்த முயலும் ஆட்டமேயாகும். ஐக்கிய அமெரிக்காவில் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து உருண்டையன்று. இரு முனையும் கூர்த்த முட்டை வடிவினது. அதனை உதைப்பது ஒருசில வேளைகளில் மாத்திரமே. கையிற் கொண்டு ஓடுவதும் கையால் எறிவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. றக்பி ஆட்டத்தின் வயிற்றிற் பிறந்த பிள்ளை அது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டபின், தாய்வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் நடத்தத் தொடங்கியது எனலாம்.

அந்த ஆட்டத்தின் நடுநாயகமாக விளங்குபவனைக் குவாட்டர்பக் என்று அழைப்பர். நூறு யார் நீளமுள்ள மைதானத்திலே, பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யாராவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்து பின்னால் நிற்கும் குவாட்டர்பக்கின் கைக்கு வருகின்றது. அவன் அதை ஓடுபவனிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது முன்னே பாய்ந்து செல்லும் தோழன் ஒருவனுக்கு எறியலாம். எறிவதென்று கொண்டால், அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ இரண்டரைச் செக்கன். அதற்குள், முன்னூறு இறாத்தல் நிறையுள்ள மல்லர்கள் அவனைத் தரையிற் சாய்க்க ஓடிவருவர். தன்னைக் காத்து நிற்கும் ஐவரின் தோள்களுக்கு மேலால் நோக்கி, எதிரணியின் காவல் எவ்வாறு அமைந்துள்ளது, எந்தத் தோழன் எங்கே வெளியாவான், பந்தை இப்பொழுது விடுவதா அல்லது அரைச்செக்கன் தாமதிப்பதா என்பதையெல்லாம் அவன் தீர்மானித்துவிட வேண்டும். மற்றை இருபத்தொரு பேரும் செய்யும் வேலை இந்த ஒருவனின் தீர்மானத்தினாலே பயன்படும், அல்லது பாழாகும். நல்ல குவாட்டர்பக் இல்லாத அணி ஆண்டுதோறும் பெருவெற்றி காண்பது அரிது.

இத்தகைய ஒருவனை எங்கே பெறுவது? பல்கலைக்கழகங்களிலே. அமெரிக்காவில் இவ்வாட்டம் முதலில் வளர்ந்தது மாணவரிடையேதான். ஊதியம் பெற்று ஆடும் அணிகள் பின்னால் வந்தவை. மாணவப் பருவம் முடிந்த ஆட்டக்காரரைப் பணம் படைத்த அணிகளே கவர்ந்துகொள்வதைக் கண்ட பேட் பெல் என்பவர், பிலடெல்பியா அணியின் உரிமையாளராக இருந்தபோது, ஒரு வழி கூறினார். கடந்த பருவத்திலே கடைசியாக வந்த அணி முதலிலே தெரியட்டும். முதலாவதாக வந்த அணி இறுதியிலே தெரியட்டும் என்பதே அது. 1936 பெப்புருவரியில், பிலடெல்பியா நகரத்து விடுதியொன்றில், இந்தத் தெரிவு முதன்முறையாக நடைபெற்றது. அன்று முதற் பெயராக அழைக்கப்பட்ட சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பேர்வாங்கர், ஊதியத்துக்கு ஆடும் அணி எதிலும் ஒரு நாளேனும் ஆடவில்லை. வேறு தொழில் தேடிக்கொண்டார். அக்காலத்து ஊதியம் அத்தகையது. இன்று முப்பத்திரண்டு அணிகள் ஏழு சுற்றுக்களாக இத்தெரிவைச் செய்கின்றன. முதற் சுற்றிலே தெரியப்படும் குவாட்டர்பக்குக்குப் பல கோடி டொலர் உறுதியளிக்கப்படுகின்றது. இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன்மேல் ஒரு நகரத்தின் பல ஆண்டு நம்பிக்கையும், பயிற்றுநர் பலரின் உத்தியோகமும் ஓரிரவிலே ஏற்றிவைக்கப்படுகின்றன.

ஆதலால் அவனை அளந்து பார்க்கிறார்கள். 1987 தொடக்கம் இந்தியானாபொலிஸ் நகரிலே ஆண்டுதோறும் கூட்டப்படும் கொம்பைன் என்னும் பரிசோதனைக் களத்திலே, அவனுடைய உயரமும் நிறையும் குறிக்கப்படும். பெருவிரல் நுனியிலிருந்து சிறுவிரல் நுனிவரை கையை விரித்து அங்குலக் கணக்கில் அளப்பர். மழையிலும் பனியிலும் பந்து வழுக்காதிருக்கப் பெரிய கை வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நாற்பது யார் தூரத்தை எத்தனை செக்கனில் ஓடுகிறான் என்பதை நூறிலொரு பங்கு செக்கன் வரை கணிப்பர். பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது வினாக்களுக்கு விடை எழுதும் வொண்டர்லிக் பரீட்சையும் நெடுங்காலம் அங்கே நடந்து, 2022ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டது. இவை யாவும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அளக்க எளிதாக உள்ளதை அளந்துவிட்டு, அளந்ததையே முக்கியமானது என்று நம்பிவிடுவது பரீட்சை நடத்துவோர் எல்லோருக்கும் உள்ள பழக்கம். குவாட்டர்பக் நாற்பது யார் நேராக ஓடுவது ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை? பல ஆட்டங்களில் ஒரு தடவைகூட இல்லை.

உண்மையான பரிசோதனை இருட்டறையிலே நடக்கின்றது. தேடுநர் எனத்தக்க அலுவலர்கள், மாணவன் ஆடிய ஆட்டங்களின் படச்சுருள்களை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியிலே பொதுமக்கள் காணும் படமன்று. மைதானத்தின் உச்சியிலிருந்து இருபத்திரண்டு பேரும் ஒருங்கே தெரியும்படி எடுத்த படம். தேர்ந்த ஒருவர் பந்து போய்ச் சேர்ந்த இடத்தை முதலிற் பார்ப்பதில்லை. ஆட்டக்காரனின் காலைப் பார்ப்பார். நெருக்கடி வந்தபோது பாதங்கள் நிலத்தில் ஒழுங்காக அசைகின்றனவா, அல்லது சுடுமணலில் நிற்பவனைப்போல் தத்தளிக்கின்றனவா? அடுத்து, கண் எங்கே போகிறது? முதலாவது தோழன் மறிக்கப்பட்டிருந்தால் இரண்டாமவனையும் மூன்றாமவனையும் நோக்குகிறானா, அல்லது முதலாமவனையே வெறித்து நின்று எதிரிக்குத் தன் எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கிறானா? எதிர்க்காவலனை ஏமாற்ற இடப்புறம் நோக்கி வலப்புறம் எறியும் வல்லமை உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, தோழன் திரும்புமுன்னரே, அவன் வந்து சேரப்போகும் வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்பும் துணிவு இருக்கிறதா? வெளியாகிவிட்ட தோழனைக் கண்டபின் எறிவது மாணவர் ஆட்டத்திற் போதும். ஊதிய ஆட்டத்திலே காவலரின் வேகம் மிகுதி. அங்கே கண்டபின் எறிந்த பந்து எதிரியின் கைக்குத்தான் போகும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. படத்திலே தெரிபவன் தனியன் அல்லன். பெரிய பல்கலைக்கழகமொன்றின் அணியில் அவனைக் காத்து நிற்போர் எதிரணியினரைவிட வலியராக இருப்பர்; ஆகவே அவனுக்கு இரண்டரைச் செக்கனுக்குப் பதில் நான்கு செக்கன் கிடைக்கும். பந்தைப் பிடிப்போரும் எதிர்ப்போரை எளிதிலே விஞ்சி ஓடுவர். பயிற்றுநரோ மைதான ஓரத்திலே பலகைகளையும் கைச்சைகைகளையும் காட்டி, மாணவன் சிந்திக்கவேண்டியதிற் பாதியைத் தாமே சிந்தித்துக் கொடுத்துவிடுவார். அவ்வாறு குவிந்த வெற்றிகளில் எத்தனை பங்கு அவனுடையது, எத்தனை பங்கு சுற்றத்தாருடையது? சிறிய அணியில் ஆடுபவன் நிலை இதற்கு மாறு. அவன் எறிந்த நல்ல பந்தைத் தோழன் தவறவிட, அது எதிரியின் கையிற் போய் விழுந்தாலும் கணக்கேட்டில் இவன் பெயரிலேயே பிழை எழுதப்படும். அதனால் தேடுநர் எளிய எறிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அணி பின்தங்கியிருந்த வேளை, மூன்றாம் முயற்சியில் நீண்ட தூரம் தேவைப்பட்ட வேளை, காவல் உடைந்த வேளை ஆகியவற்றை மாத்திரம் பொறுக்கியெடுத்துப் பார்ப்பர். ஓர் இளைஞனின் பருவம் முழுவதிலும் அத்தகைய எறிகள் மிகச் சிலவே தேறும். அச்சிலவற்றைக் கொண்டே பத்தாண்டுக்கு எதிர்கூற வேண்டியிருக்கின்றது.

இரு ஆட்டங்களுக்குமிடையே விதிகளும் சற்று வேறுபடும். மாணவர் ஆட்டத்திலே பந்தைப் பிடிப்பவன் ஒரு கால் எல்லைக்குள் வைத்தாற் போதும். ஊதிய ஆட்டத்தில் இரு கால்களும் உள்ளே படவேண்டும். ஆதலால் எறிபவனுக்குக் கிடைக்கும் இடம் ஒடுங்கிவிடுகின்றது. வானொலி நேயர்களுக்குச் சுவைதரும் ஒரு செய்தியும் உண்டு. 1994 தொடக்கம் ஊதிய ஆட்டத்தில் குவாட்டர்பக்கின் தலைக்கவசத்துக்குள் சிறிய வானொலிக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. பயிற்றுநரின் குரல் அதில் ஒலிக்கும். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கான கடிகாரத்திலே பதினைந்து செக்கன் எஞ்சியிருக்கும்போது அக்குரல் துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் அவன் தனியே. கேட்ட நீண்ட கட்டளையை மறவாது தோழர்க்கு உரைத்து, எதிரணி நிற்கும் நிலைகண்டு வேண்டுமாயின் அதனை மாற்றி, ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இதற்காகவே நேர்முகப் பரீட்சையில் அவனைக் கரும்பலகை முன் நிறுத்துவர். புதிய ஆட்ட அமைப்பு ஒன்றைக் கற்பித்து, பலகையை அழித்துவிட்டு, வேறு பேச்சுப் பேசி, பின்னர் திடீரென்று அதனை வரைந்துகாட்டச் சொல்வர். நாற்பது யார் ஓட்டத்தைவிட இந்தக் கால் மணி நேரம் பயனுள்ளது என்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவு முயன்றும் பிழைகள் நேர்கின்றன. 1998ஆம் ஆண்டுத் தெரிவில் இருவர் பெயர் ஒரே மூச்சிற் பேசப்பட்டது. ஒருவர் ரென்னசிப் பல்கலைக்கழகத்துப் பேற்றன் மானிங். மற்றவர் வொஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்து றயன் லீஃப். மானிங் ஆயத்தமுடையவர், லீஃப் கைவலிமை மிக்கவர் என்று கூறி, யார் முந்தியவர் என்று நாடே வாதிட்டது. இந்தியானாபொலிஸ் அணி மானிங்கை முதலாவதாக எடுத்தது. மூன்றாம் இடத்தில் இருந்த சான் டியேகோ அணி, இரண்டாம் இடத்துக்கு ஒரு படி ஏறுவதற்காகவே இரண்டு முதற்சுற்று உரிமைகளையும், ஓர் இரண்டாஞ்சுற்று உரிமையையும், ஆட்டக்காரர் இருவரையும் ஈடாகக் கொடுத்து லீஃபைப் பெற்றது. முதலாண்டின் இறுதியில் இருவரையும் கண்டோர் இருவருமே தோற்றனர் என்று சொல்லியிருக்கலாம். மானிங் இருபத்தெட்டுப் பந்துகளை எதிரியின் கையில் எறிந்தார்; புதியவர் ஒருவர் செய்த பிழைகளில் அது பெருந்தொகை. அவருடைய அணி பதினாறு ஆட்டங்களில் மூன்றிலேயே வென்றது. லீஃபோ பதினைந்து பந்துகளை எதிரிக்குக் கொடுத்து, இரண்டே இலக்கெறிகள் செய்தார். ஆனால் மறு ஆண்டு மானிங்கின் அணி பதின்மூன்று ஆட்டங்களில் வென்றது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பின்னாளில் அவர் ஐந்து முறை பெற்றார். லீஃப் நான்கே வெற்றிகளைக் கண்டு, 2002க்குள் ஆட்டத்தை விட்டகன்றார். முதலாண்டின் இருபத்தெட்டுப் பிழைகளையும் ஒருவர் பாடமாகக் கொண்டார். மற்றவருக்குப் பிழைகள் காயமாகிவிட்டன. தோல்வியை ஒருவன் எவ்வாறு தாங்குவான் என்பதைத் தோல்வியே அறியாத மாணவப் பருவத்துப் படத்தில் எங்ஙனம் காண்பது?

மறுபுறமான பிழை 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ரொம் பிறேடி நாற்பது யார் தூரத்தை 5.28 செக்கனில் ஓடினார். அது மிக மெதுவான ஓட்டம். மெலிந்த உடல். தம் பல்கலைக்கழகத்திலேயே தம்மினும் இளையவர் ஒருவருடன் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தவர். குவாட்டர்பக் அறுவர் அவருக்கு முன் தெரியப்பட்டனர். 199ஆவது பெயராக, ஆறாம் சுற்றில், நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்தது. அந்த அணியும் தன் கூர்மையைப் பெரிதாகப் பாராட்டிக்கொள்ள நியாயமில்லை; அதே தெரிவில் வேறு அறுவரை எடுத்த பின்னரே அவரை எடுத்தது. இத்தனைக்கும் சான்று மறைந்திருக்கவில்லை. அந்த ஆண்டின் முதல்நாள் நடந்த ஓறேஞ்ச் கிண்ண ஆட்டத்திலே, அலபாமா அணிக்கெதிராக இருமுறை பதினான்கு புள்ளி பின்தங்கிய தம் அணியை இருமுறையும் மீட்டு, மேலதிக நேரத்தில் 35க்கு 34 என வெற்றி பெறச்செய்தவர் அவர். படம் இருந்தது, பார்த்த கண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நியூ இங்கிலாந்தின் பயிற்றுநருள் ஒருவரான டிக் றேபைன் அவரை நேரிற் கண்டு பரிந்துரைத்தவர். அவர் 2001 ஓகஸ்ட் மாதத்தில் காலமானார். அடுத்த மாதம் முதன்மை ஆட்டக்காரர் காயமுற, பிறேடி அவ்விடத்துக்கு வந்தார். அப்பருவம் முடியுமுன் அணி நாட்டின் உயர் கிண்ணமாகிய சுப்பர் போலை வென்றது. பிறேடி அத்தகைய கிண்ணம் ஏழு பெற்று 2023இல் ஓய்வுற்றார். தம் கணிப்பு பலித்த ஓர் ஆட்டத்தையேனும் றேபைன் காணவில்லை.

டேவிட் பெரி, றொப் சிமன்ஸ் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்னதாகத் தெரியப்பட்ட குவாட்டர்பக்குகளுக்கு அதிக ஆட்டங்கள் கிடைக்கின்றன, ஆனால் ஒரு முயற்சிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அவர்கள் பின்னதாகத் தெரியப்பட்டோரைவிடப் பெரிதும் மேம்படவில்லை என்று கண்டனர். இதனைக் கேட்டு, தெரிவு வெறும் சூதாட்டம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். பின்னதாகத் தெரியப்பட்டோரிற் பலர் களத்தையே மிதிப்பதில்லை. மிதிக்கும் சிலர், பயிற்சிக்களத்திலே தம்மை நிரூபித்துச் சல்லடையிற் சலிக்கப்பட்டு எஞ்சியோர். அவர்களை, முதற்சுற்றிலே வந்தமையாற் களமிறக்கப்பட்ட எல்லோருடனும் ஒப்பிடுவது, பள்ளியில் இறுதிவரை நின்றவரை முதல் வகுப்பிற் சேர்ந்த எல்லோருடனும் ஒப்பிடுவது போலாகும்.

இனி, தெரியப்பட்டவன் போய்ச் சேரும் இடம். 2017ஆம் ஆண்டிலே சிக்காகோ அணி ஒரு படி மேலேறி, இரண்டாம் பெயராக மிச்சல் ரூபிஸ்கியை எடுத்தது. வட கரொலைனாப் பல்கலைக்கழகத்தில் அவர் முதன்மை ஆட்டக்காரராகத் தொடங்கியவை பதின்மூன்று ஆட்டங்கள் மாத்திரமே. பத்தாம் பெயராகக் கன்சாஸ் நகர அணி ரெக்சஸ் ரெக் பல்கலைக்கழகத்துப் பற்றிக் மஹோம்ஸை எடுத்தது. மஹோம்ஸ்மீது ஐயங்கள் பல இருந்தன. அவர் பயின்றது ஓயாது எறியும் ஆட்டமுறை. அம்முறையில் எவரும் பெருந்தொகை குவிப்பர் என்றனர். பாதம் ஒழுங்கில் நில்லாமல், உடலைத் திருப்பிக்கொண்டே எறிபவர் என்றும் குறை கூறினர். கன்சாஸ் அணி அவரை உடனே களமிறக்கவில்லை. அலெக்ஸ் ஸ்மித் என்னும் மூத்த ஆட்டக்காரர் முன்னே நிற்க, ஓராண்டு முழுவதும் அவரருகே இருந்து கற்கவிட்டது. அப்பருவத்தில் மஹோம்ஸ் தொடங்கிய ஆட்டம் ஒன்றே. அடுத்த பருவத்தில் அவரே நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். பின்னர் 2020, 2023, 2024ஆம் ஆண்டுகளில் சுப்பர் போலும் வந்தது. சிக்காகோவுக்கு அவரும் கன்சாஸ் நகருக்கு ரூபிஸ்கியும் போயிருந்தால் இரு வரலாறுகளும் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதற்கு விடை எந்தப் படச்சுருளிலும் இல்லை.

பேட் பெல் செய்த விதியின் மறுபக்கம் இதுவே. கடைசியில் வந்த அணி முதலில் தெரிகின்றது என்றால், சிறந்த இளைஞன் மிகக் குழம்பிய வீட்டுக்கு அனுப்பப்படுகிறான் என்பதே பெரும்பாலும் பொருள். பொறுத்திருக்கவும் அவ்வீட்டாருக்கு இயலாது. 2010இல் முதலாவதாகத் தெரியப்பட்ட சாம் பிறட்போர்டுக்கு ஆறாண்டுக்கு 7 கோடி 80 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. மறு ஆண்டு செய்யப்பட்ட உடன்படிக்கையினால் புதியவரின் ஊதியத்துக்கு வரம்பு கட்டப்பட்டு, ஒப்பந்தமும் நான்காண்டாகக் குறைக்கப்பட்டது. குறைந்த ஊதியத்தில் குவாட்டர்பக் ஒருவன் கிடைக்கும் அந்த நான்காண்டுக்குள் மீந்த பணத்தால் மற்றை இடங்களை நிரப்பி வென்றுவிடவேண்டும் என்பது அணிகளின் கணக்கு. ஓராண்டு அமர்த்திக் கற்பித்தால் அந்தக் கணக்கில் காற்பங்கு கரைந்துவிடும்.

2023ஆம் ஆண்டிலே கரொலைனா அணி ஒன்பதாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறுவதற்காக, சிறந்த ஆட்டக்காரர் ஒருவரையும், மறு ஆண்டின் முதற்சுற்று உரிமை உட்பட நான்கு உரிமைகளையும் சிக்காகோவுக்குக் கொடுத்தது. அவ்வாறு பெற்றவர் அலபாமாப் பல்கலைக்கழகத்துப் பிறைஸ் யங். உயரம் ஐந்தடி பத்தங்குலம். இரண்டாம் பெயராக ஹூஸ்ரன் அணி ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துச் சீ. ஜே. ஸ்ரவுட்டை எடுத்தது. அறிவின் விரைவை அளப்பதாகக் கூறப்பட்ட புதிய பரீட்சையொன்றில் ஸ்ரவுட் மிகக் குறைந்த புள்ளி பெற்றார் என்று தெரிவுக்கு முன்னர் செய்தி கசிந்திருந்தது. அதே ஸ்ரவுட் முதற் பருவத்தில் இருபத்துமூன்று இலக்கெறிகள் செய்து, ஐந்தே பந்துகளை எதிரிக்குக் கொடுத்து, தாக்கும் வரிசையிற் சிறந்த புதியவர் எனப் பாராட்டப்பட்டார். யங்குக்குக் காவலும் இல்லை, பிடிப்போரும் இல்லை. கொடுத்து விட்டவர்களுள் ஒருவர்தான் அணியின் சிறந்த பிடிப்பவர். பதினொரு ஆட்டங்களுக்குப் பின் பயிற்றுநர் நீக்கப்பட்டார். பதினேழு ஆட்டங்களில் இரண்டிலேயே அணி வென்றது. அவ்வாறு கடைசியில் வந்ததனால் 2024ஆம் ஆண்டின் முதல் தெரிவு கரொலைனாவுக்கு உரியதாயிருக்க வேண்டும். அதுவோ ஏற்கெனவே சிக்காகோவுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதனைக்கொண்டு சிக்காகோ கலெப் வில்லியம்ஸ் என்னும் மற்றுமொரு குவாட்டர்பக்கை எடுத்துக்கொண்டது.

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் புதிய பயிற்றுநர் வந்தார். இரண்டு ஆட்டங்கள் முடிந்ததும் யங்கை இருத்திவிட்டு, முப்பத்தாறு வயதான அன்டி டால்ரனைக் களமிறக்கினார். யங்கின் கதை முடிந்தது என்று பலர் எழுதினர். ஒக்டோபர் மாதத்தில் டால்ரன் மோட்டார் வாகன விபத்தொன்றில் கையிற் காயமுற்றார். வேறு ஆளில்லாமையால் யங் மீண்டும் அழைக்கப்பட்டார். அதன்பின் பருவத்தின் கடைசி ஆட்டம்வரை அந்த இடத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.